மக்கர் பண்ணாத துப்பாக்கி

நாலாவது அத்தியாயம்

உங்க கையில ஒருத்தன் துப்பாக்கியைக் குடுத்து, "இது மூவாயிரம் தடவை சுட்டிருக்கு, ஒரு தடவை கூட மக்கர் பண்ணல"ன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா? நம்புவீங்க. ஏன்னா அவன் கையில சர்டிபிகேட் இருக்கும், அதுல ரப்பர் ஸ்டாம்பு இருக்கும், கீழ பச்சை இங்க்குல கையெழுத்து இருக்கும். பச்சை இங்க்கைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு முதுகு தானா வளைஞ்சிடும்.

துலுக்காணத்துக்கு வளையல. அவன் முதுகுல ஏற்கெனவே ஒரு பிடிப்பு. கனகாம்பாளை லாம்பிரெட்டாவுல பின்னாடி உக்கார வச்சு கும்மிடிப்பூண்டி ரோட்டுல மூணு வருஷமா ஓட்டினதுல வந்த பிடிப்பு அது.

கனகாம்பாள் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவங்க. யார் யாருக்கு போன் போட்டாங்க, போட்டுட்டு ஏன் அழுதாங்க, எல்லாம் வேணாம்னாலும் காதுல விழும். ஒரு நாள், "இதுக்கு மேல சும்மா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது"ன்னு ராஜினாமா எழுதிக் குடுத்தாங்க. சைக்கிள் கடை மாடியில ஒரு ரூம் எடுத்து 'துப்பறியும் நிலையம்'னு போர்டு மாட்டினாங்க. போர்டு எழுத வந்தவன்தான் துலுக்காணம். எழுதி முடிச்சிட்டு டீ குடிச்சான். அப்படியே தங்கிட்டான்.

பொங்கலுக்கு இன்னும் அஞ்சு நாள். காலைல ஒம்பது மணிக்கு ஒரு பொம்பளை படியேறி வந்தப்ப கனகாம்பாள் மசால் வடையைப் பாதி கடிச்சிருந்தாங்க.

"எம் பேரு விக்டோரியா"ன்னா அவ. நாற்காலியைக் காட்டினதுக்கு உக்காரல. "என் ஊட்டுக்காரரை நாளைக்கு கோர்ட்டுக்கு இட்டுகினு போறாங்கம்மா. அப்பால ஜெயிலுதானாம்."

"யாரு உன் ஊட்டுக்காரர்?"

"சின்னராசு. வஜ்ரா கம்பி ஆலையில வாட்ச்மேன்."

துலுக்காணம் நிமிர்ந்து உக்காந்தான். நாலு நாளா டீக்கடையில இந்தப் பேச்சுதான். விடிகாலை அஞ்சரைக்கு, எதிர்ல நிக்கிற ஆள் தெரியாத பனியில ஒரு லாரி வந்துச்சாம். நாலு பேர் எறங்கி கோடவுன்ல இருந்த செம்புக் கம்பிச் சுருளெல்லாம் ஏத்திக்கிட்டு ஆந்திரா பக்கமா போயிட்டாங்களாம். கேட்டுல சின்னராசு. அவன் இடுப்புல துப்பாக்கி. ஒரு குண்டு கூட வெடிக்கல.

"அவரு சுட்டாரும்மா"ன்னா விக்டோரியா. "ரெண்டு வாட்டி விசையை இஸ்தாராம். பின்னாடி ஒண்ணு இருக்குமே, குதிரைன்னு சொல்றாங்களே, அது பாதி வழியில நின்னுச்சாம். கீழ விழவே இல்லயாம்."

"போலீஸ்ல இன்னா சொல்றாங்க?"

"அவங்க ஆறு வாட்டி சுட்டுப் பாத்தாங்க. ஆறும் வெடிச்சிச்சி. மேனேஜரு வேற ஒரு பேப்பரை எடுத்து நீட்டினாரு. இந்தத் துப்பாக்கி மூவாயிரம் வாட்டி சுட்டாலும் மக்கர் பண்ணாதுன்னு போட்டுகீதாம். அப்போ இவருதான் திருடங்களோட கூட்டு சேந்துகினு சுடாம உட்டுட்டாருன்றாங்க."

"அதாவது துப்பாக்கி யோக்கியம். அதனால மனுசன் அயோக்கியன்"னான் துலுக்காணம்.

விக்டோரியா அவனைத் திரும்பிப் பார்த்தா. "நீங்க யாரு?"

"இவன் நம்ம ஆளுதான்"னாங்க கனகாம்பாள். "வாய் மட்டும் வேற யாருடையதோ. நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கோர்ட்டு?"

"பத்து மணிக்கு."

கனகாம்பாள் மிச்ச வடையை வாயில போட்டுக்கிட்டு எழுந்தாங்க. "அப்போ இன்னைக்குப் பகல் நம்ம கையில இருக்கு. துலுக்காணம், வண்டியை எடு."

"வண்டி என்னை எடுக்கற நெலமையில கீது யக்கா."

*

அந்த சர்டிபிகேட்டைக் குடுத்து ஆலைக்குத் துப்பாக்கி வித்த பூவராகவன் ஆயுதக் கடை பஜார்ல இருந்துச்சு. பழைய பட்டாளத்து ரிவால்வரை எங்கிருந்தோ வாங்கி, ஸ்பிரிங் மாத்தி, பாலிஷ் போட்டு, காவலுக்கு நிக்கிற ஆளுங்களுக்கு விக்கிறது அவர் தொழில். லைசென்ஸ் பெருசா பிரேம் போட்டு மாட்டியிருந்துச்சு. கல்லாவுக்கு மேல கண்ணாடிப் பெட்டியில ஒரு ரிவால்வர். அதுக்குப் பிளாஸ்டிக் மாலை, சந்தனம், குங்குமம்.

"இவருக்கு எப்ப யக்கா கும்பாபிஷேகம்?"னான் துலுக்காணம்.

பூவராகவன் பல்லைக் காட்டினார். "இதுதாங்க அந்த மூவாயிரம் சுட்ட துப்பாக்கி. ஆலை முதலாளிங்க சங்கத்துல கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஒரு துப்பாக்கி எடுக்கணும். மூவாயிரம் குண்டு சுடணும். நடுவுல ஒரு தடவை மக்கர் பண்ணாலும் அது பெயில். பண்ணல. நூத்தி இருபது ரிவால்வருக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க."

"எடுத்துக் காட்டுங்களேன்"னாங்க கனகாம்பாள்.

பூவராகவன் பெட்டியைத் திறந்தார். பாக்கெட்டுல இருந்து கைக்குட்டையை எடுத்தார். துப்பாக்கியை அதுல சுத்தி, செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல தூக்கி மேஜையில வச்சிட்டு ஒரு அடி பின்னால போனார்.

"குண்டு இருக்குதா உள்ள?"

"இல்லீங்க."

"பின்ன?"

"பழக்கம்"னு சொல்லி முகத்தைத் துடைச்சிக்கிட்டார். துப்பாக்கி விக்கிற மனுசனுக்குத் துப்பாக்கின்னா பயம். துலுக்காணத்துக்கு இது ரொம்பப் பிடிச்சிடுச்சு. பேய்க்குப் பயப்படுற மந்திரவாதி ஒருத்தரை அவனுக்குத் தெரியும். அவரும் இப்படித்தான், தொழில்ல நல்ல பேரு.

"இதை எங்க வச்சு சுட்டீங்க?"

"எளாவூர் தாண்டி ஒரு செங்கல் சூளைப் பள்ளம். இந்த டெஸ்டுக்குன்னே குத்தகைக்கு எடுத்தேன். வாங்க, என் கார்லயே போலாம். எங்கிட்ட ஒளிவு மறைவு கிடையாது."

ஒளிவு மறைவு கிடையாதுன்னு யாராவது தானா சொன்னா கனகாம்பாள் காது லேசா அசையும். பதினெட்டு வருஷம் ஹெட்போன் மாட்டின காது. துலுக்காணம் அதைப் பார்த்துட்டு தன் வண்டியைப் பூட்டினான்.

*

பள்ளத்துக்கு ஒரு பக்கம் ரெண்டு ஆள் உயரத்துக்கு மண் மேடு. அதுக்கு முன்னாடி அட்டை மாட்டுற கம்பம். இந்தப் பக்கம் ஒரு ஓலைக் குடிசை. குடிசையில இருந்து வந்த மோசஸுக்கு அறுபது வயசு இருக்கும். பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆனவர், காக்கி நிஜார், முறுக்கின மீசை. மூவாயிரம் குண்டையும் சுட்டது இவர்தான். கழுத்துல கயிறு கட்டி ஒரு சிலேட்டைத் தொங்க விட்டிருந்தார்.

"காது சுத்தமா போச்சு"னார் பூவராகவன். "எது கேக்கறதா இருந்தாலும் எழுதித்தான் கேக்கணும்."

கனகாம்பாள் பல்பத்தை வாங்கினாங்க. 'கடையில இருக்கிற துப்பாக்கி மூவாயிரம் சுட்டதா?'ன்னு எழுதினாங்க.

மோசஸ் படிச்சார். "யெஸ் மேடம். சுட்டுச்சி."

துடைச்சிட்டு, 'அது ஒரு தடவையாவது மக்கர் பண்ணுச்சா?'

"அந்தத் துப்பாக்கியா? இல்ல மேடம்."

பூவராகவன் கையை விரிச்சார். "போதுங்களா? பொய் சொல்றதுன்னா என்னன்னே தெரியாத மனுசன். வேணும்னா நோட்டைப் பாருங்க." நோட்டுல ஒண்ணுல இருந்து மூவாயிரம் வரைக்கும் வரிசையா டிக் அடிச்சிருந்துச்சு. ஸ்கூல் பிள்ளைங்க இம்போசிஷன் எழுதின மாதிரி சுத்தமா.

துலுக்காணம் அதுக்குள்ள மண் மேட்டுக்குப் போயிட்டான். குச்சியை வச்சுக் குத்தினான். கையால நோண்டினான். மண்ணு மாவு மாதிரி கொட்டுச்சே தவிர குண்டு வரல. இன்னொரு இடம். அங்கயும் இல்ல. அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. திரும்பி வந்து சத்தமாவே சொன்னான்.

"யக்கா, மூவாயிரம் குண்டு போன மேட்டுல ஒரு குண்டு கூட இல்ல. சுடவே இல்ல இவுங்க. உக்காந்துகினு நோட்டுல டிக் அடிச்சிகீறாங்க."

பூவராகவன் கோவப்படுவார்னு பார்த்தான். அவர் சிரிச்சார்.

"தம்பி, குண்டு ஈயம்ல? சுண்ணாம்புக்குளத்து மீன்காரப் பொம்பளைங்க சல்லடை எடுத்துட்டு வந்து சலிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. வலைக்குக் கட்டுவாங்களாம். பாவம், எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். குப்பை தானே."

துலுக்காணம் மூஞ்சி வாடிப் போச்சு. கனகாம்பாள் மூஞ்சியைப் பார்த்தான். அங்க ஒண்ணும் வாடல.

"நல்ல மனசுங்க உங்களுக்கு"ன்னாங்க அவங்க. "எங்களை பஜார்ல எறக்கி விட்டுடுங்க."

*

சுண்ணாம்புக்குளத்துல பழவேற்காட்டு ஏரித் தண்ணி வெயில்ல தகரம் மாதிரி மின்னுச்சு. கரையில கம்பு நட்டு வலை காயப் போட்டிருந்தாங்க. ஈயம் எடுத்தது யாருன்னு கேட்டா எல்லாரும் பச்சையம்மா பேரைத்தான் சொன்னாங்க. அவளைத் தேட வேண்டிய வேலையே இல்ல. அவ குரல் ரோடு வரைக்கும் வந்துச்சு. யாரையோ திட்டிக்கிட்டே வலை பின்னிக்கிட்டு இருந்தா.

"சூளைப் பள்ளத்துல ஈயம் பொறுக்கினது நீங்கதானா?"ன்னு கேட்டாங்க கனகாம்பாள்.

பச்சையம்மா ஊசியை நிறுத்தினா. "ஏன், கேஸ் போட வந்துகீறியா? அந்த ஆளுதான் எத்துகினு போன்னாரு."

"கேஸ் இல்ல. எப்படிக் கட்டுவீங்கன்னு தெரிஞ்சிக்க வந்தேன்."

"நீ எந்த ஊரு? வலைக்கு அடியில கனம் இல்லன்னா எறா எல்லாம் கீயால பூந்து பூடும். முன்ன மண்ணு உருண்டைய சுட்டுக் கட்டுவோம். அது ஒடஞ்சி ஒடஞ்சி ஒரே பேஜாரு. இது ஷோக்கா கீது. ரெண்டு குண்டை ஒண்ணா வச்சி கயித்து மேல சுத்தியால தட்டினா அது ஒரு உருண்டை. வலைக்கு நூத்தி அம்பது உருண்டை."

"கொஞ்சம் கூட, கொறைய இருக்குமா?"

"கூட கட்டினா வலை தூக்க முடியாது. கொறைய கட்டினா எறா சிரிக்கும்."

துலுக்காணம் விரல் விட்டான். உருண்டைக்கு ரெண்டு, வலைக்கு முந்நூறு குண்டு. மூவாயிரம் குண்டுன்னா பத்து வலை.

"யக்கா"ன்னு காதுக்கிட்ட வந்தான். "ஒண்ணு கூட கீழ உழாம பொறுக்கியிருந்தாலும் பத்து வலைக்குத்தான் வரும். எனக்குத் தெரிஞ்சி மூணு வலைக்கு மேல இருக்காது. மூணுன்னா தொள்ளாயிரம். மீதி டிக் எல்லாம் பீலா. பூவராகவன் மாட்டிகினான்."

"எண்ணிப் பாத்துட்டு மாட்ட வை"ன்னாங்க கனகாம்பாள். பச்சையம்மா பக்கம் திரும்பினாங்க. "அந்த ஈயம் கட்டின வலை எத்தனைம்மா?"

"நம்ம குப்பத்துல எல்லாருக்கும் கட்டியாச்சி. வெள்ளையா மின்னுது பாரு, எல்லாம் அதான்."

துலுக்காணம் போனான். கம்பு கம்பா நடந்து எண்ணினான். படகுல சுருட்டி வச்சிருந்ததையும் எண்ணினான். திரும்பி வரப்ப நடை தளர்ந்து போச்சு.

"எத்தனை?"

"இருபத்தி ஏழு."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"இருபத்தி ஏழு யக்கா. எட்டாயிரத்தி நூறு குண்டு." பச்சையம்மாகிட்டயே போய் நின்னான். "நீங்க வேற எங்கனா ஈயம் வாங்கினீங்களா?"

"டப்பு குடுத்து வாங்கறதுக்கா நைனா இம்மாம் தூரம் சல்லடை தூக்கினு போனோம்?"

"அந்தப் பள்ளத்துல இதுக்கு முன்ன யாருனா சுட்டாங்களா?"

"சுட்டாங்க. செங்கல்லு."

துலுக்காணம் ஒரு படகு மேல உக்காந்தான். நல்லா யோசிச்சுப் பார்த்தா நெலமை இன்னும் மோசம். மூவாயிரம்னு சொல்லிட்டு எட்டாயிரம் சுட்டிருக்கான் பூவராகவன். ஏமாத்தலையே, சொன்னதுக்கு மேலயே பண்ணியிருக்கான். இதைப் போய் போலீஸ்ல சொன்னா சின்னராசுவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துப் போடுவாங்க. காலைல நாற்காலியில உக்காராமயே நின்ன விக்டோரியா ஞாபகம் வந்துச்சு.

"கெளம்பலாம் யக்கா. இத்த வெளிய சொல்லாத இருக்கறதுதான் நம்ம செய்யற உதவி."

கனகாம்பாள் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோள் குலுங்கிச்சு. அழறாங்களோன்னு துலுக்காணம் பயந்துட்டான். சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க.

"துலுக்காணம், நீ எட்டாவது பாஸ் தானே?"

"மூணாவது வாட்டி."

"பாஸ் பண்ணதுக்கு அப்புறம் நாலாவது வாட்டி எழுதினியா?"

"பைத்தியமா எனக்கு?"

"ஒரே வாட்டியில பாஸ் பண்ணி இருந்தா?"

"அதோட உட்டுட்டு இருப்பேன். பெயில் ஆனாத்தானே திரும்ப..." துலுக்காணம் வாய் பாதியில நின்னுச்சு.

"மூவாயிரம் சுட்டா சர்டிபிகேட். சுட்டாச்சுன்னா அடுத்த குண்டை எவன் வீணாக்குவான்? அதுவும் பூவராகவன்? இந்தக் கண்டிஷன்ல ஒரு துப்பாக்கி மாட்டிகிச்சுன்னா அது பெயில். வேற துப்பாக்கியை எடுத்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கடையில மாலை போட்டுக்கினு இருக்கிறது கடைசியா எழுதின பையன். அதுக்கு முன்னாடி எழுதினவங்க எங்கன்னு நாம கேக்கவே இல்ல."

"மோசஸ் பொய் சொல்ல மாட்டாருன்னாரே பூவராகவன்?"

"சொல்லல. நான்தான் 'அந்தத் துப்பாக்கி'ன்னு எழுதிக் கேட்டேன். அந்த மனுசன் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாரு. பதினெட்டு வருஷம் போன்ல உக்காந்துட்டு கேள்வி கேக்கத் தெரியாம கேட்டிருக்கேன் பாரு."

பச்சையம்மா ஒரு ஓலைப் பட்டையில நாலு மடவை மீனைப் போட்டுக் குடுத்தா. எதுக்குன்னு துலுக்காணம் கேட்டான். "அந்தம்மா சிரிக்க சொல்ல நல்லா கீது"ன்னா.

*

மோசஸ் குடிசைக்கு முன்னாடி உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தார். இந்த முறை பூவராகவன் பக்கத்துல இல்ல. கனகாம்பாள் சிலேட்டை வாங்கினாங்க.

'கடைசித் துப்பாக்கிக்கு முன்னாடி எத்தனை துப்பாக்கி?'

மோசஸ் படிச்சார். மீசைக்குக் கீழ உதடு ஒரு பக்கமா போச்சு. இந்தக் கேள்விக்குத்தான் ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

"ரெண்டு மேடம். மொத துப்பாக்கி ரெண்டாயிரத்தி தொள்ளாயிரத்துல மாட்டிக்கிச்சி. ரெண்டாவது ரெண்டாயிரத்தி அறுநூறுல. ஸ்பிரிங்கு சரியில்ல. குதிரை பாதியில நிக்கும். ஒரு குலுக்கு குலுக்கினா திரும்ப நல்லா சுடும். ஆனா ஒரு தடவை மாட்டினது அப்புறம் அடிக்கடி மாட்டும். அய்யா அந்த ரெண்டு நோட்டையும் வாங்கி அடுப்புல போட்டாரு."

"துப்பாக்கிங்களை?"ன்னு துலுக்காணம் வாயால கேட்டுட்டு, அப்புறம் சிலேட்டுல எழுதினான்.

"பாலிஷ் போட எடுத்துட்டுப் போனாரு."

"தோ பாருடா"ன்னான் துலுக்காணம். "பெயில் ஆனவனுக்கும் உத்தியோகம்."

கனகாம்பாள் எழுதினாங்க: 'ஏன் யார்கிட்டயும் சொல்லல?'

"யாரும் கேக்கல மேடம்." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சார். "இந்தக் குடிசை அய்யா குடுத்தது. எனக்கு வேற எடம் இல்ல. சொந்த ஊருக்குப் போனா அங்க யாருக்கும் என்னைத் தெரியாது."

கனகாம்பாள் துடைச்சிட்டு மெதுவா எழுதினாங்க. 'நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான். அவன் துப்பாக்கி மாட்டிகிச்சுன்னு சொல்றான். யாரும் நம்பல.'

மோசஸ் அதை ரொம்ப நேரம் படிச்சார். அவ்ளோ நேரம் ஆகுற அளவுக்கு அதுல எழுத்து இல்ல. அப்புறம் சட்டைக் கையால சிலேட்டை அவரே துடைச்சார்.

"பெயில் ஆன துப்பாக்கி நல்லதோட கலந்துடக் கூடாதுன்னு பட்டாளத்துல அடையாளம் வைப்போம் மேடம். மரப்பிடியைக் கழட்டி உள்ள இரும்புல அரத்தால ராவிடுவேன். மொத துப்பாக்கிக்கு ஒரு கோடு. ரெண்டாவதுக்கு ரெண்டு கோடு. பிடியை மூடிட்டா வெளிய தெரியாது. அய்யா பிடியைக் கழட்டிப் பாக்கற ஆளு இல்ல. துப்பாக்கியையே தொட மாட்டாரு."

லாம்பிரெட்டா மூணு பேரைத் தூக்கிக்கிட்டு பஜார் பக்கம் போச்சு. மோசஸ் நடுவுல விறைப்பா உக்காந்திருந்தார், அணிவகுப்புல போற மாதிரி. மீனு அவர் மடியில.

*

சாயங்காலம் நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல சப் இன்ஸ்பெக்டர் முன்னாடி துணிப்பை இருந்துச்சு. அரக்கு சீல் வச்ச பை. உள்ள சின்னராசுவோட துப்பாக்கி. பூவராகவனையும் வரச் சொல்லியிருந்தாங்க. கம்பிக்குப் பின்னாடி சின்னராசு, எழுந்து நிக்கலாமா உக்காரலாமான்னு தெரியாம பாதி எழுந்த மாதிரி இருந்தான். விக்டோரியா வாசல்ல நின்னா.

"பிடியைக் கழட்டணும் சார்"னாங்க கனகாம்பாள்.

"எவிடன்ஸ்மா. கண்டவங்க தொடக் கூடாது."

"நாங்க தொடல சார்"னான் துலுக்காணம். "ஸ்க்ரூ டிரைவர்தான் தொடும்."

சப் இன்ஸ்பெக்டர் அவனை முறைச்சார். ஆனா அவருக்கும் ஆசை வந்துடுச்சு. அவரே சீலை உடைச்சு, அவரே திருகாணியைக் கழட்டினார். மரப்பிடி ரெண்டா பிரிஞ்சுச்சு. உள்ள இரும்புல பக்கத்துல பக்கத்துல ரெண்டு கோடு.

மோசஸ் குனிஞ்சு பார்த்தார். "என்னுதுதான் சார். ரெண்டாவது துப்பாக்கி. ரெண்டாயிரத்தி அறுநூறுல பெயில் ஆனது."

"கோடு யார் வேணா போடலாமே"ன்னார் பூவராகவன். "இன்னைக்குக் காலைல கூட போட்டிருக்கலாம்."

"நாலு நாளா பை சீல்ல இருக்குது"ன்னாங்க கனகாம்பாள். "சீல் சாரோடது. அவரையா சொல்றீங்க?"

பூவராகவன் பாக்கெட்டுல கைக்குட்டையைத் தேடினார்.

"நாங்க ஆறு தடவை சுட்டோம்மா. ஆறும் வெடிச்சுது"ன்னார் சப் இன்ஸ்பெக்டர்.

"ஆறோட நிறுத்திட்டீங்க சார். குண்டு இல்லாம சும்மா இழுத்துப் பாருங்க. நிறுத்தாதீங்க."

சப் இன்ஸ்பெக்டர் உள்ள குண்டு இல்லைன்னு ரெண்டு தரம் பார்த்துட்டு, துப்பாக்கியை சுவத்தைப் பார்த்துப் பிடிச்சு இழுத்தார். டக். டக். டக். துலுக்காணம் எண்ணினான். இருபதுல சப் இன்ஸ்பெக்டருக்கு விரல் வலிச்சுச்சு. ஏட்டு வாங்கிக்கிட்டார். டக். டக். நாப்பதுல பூவராகவன் வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, "எனக்குக் கடையில வேலை இருக்குங்க"ன்னார். ஐம்பத்தி எட்டுல துலுக்காணத்துக்கே சந்தேகம் வந்துடுச்சு. கனகாம்பாள் கண்ணை மூடி, தலையைச் சாய்ச்சு, போன்ல மறுமுனை எடுக்கறதுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருந்தாங்க.

டக். எழுபத்தி ரெண்டு. டக். எழுபத்தி மூணு.

எழுபத்தி நாலு வரல.

ஏட்டு திரும்ப இழுத்தார். விசை பின்னால போச்சு, குதிரை பாதி வழியில நின்னுச்சு. இன்னொரு தரம் இழுத்தார். நின்னது நின்னதுதான். எல்லாரும் ஏட்டு மூஞ்சியைப் பார்த்தாங்க. காது கேக்காத மோசஸ் மட்டும் குதிரையையே பார்த்துக்கிட்டு இருந்தவர், "தோ மாட்டிக்கிச்சி"ன்னார், எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

கம்பிக்குப் பின்னாடி சின்னராசு முழுசா எழுந்து நின்னுட்டான். "இப்படித்தான் சார். அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சி."

மோசஸ் துப்பாக்கியை வாங்கி ஒரு குலுக்கு குலுக்கிட்டு இழுத்தார். டக். ஒண்ணுமே நடக்காத மாதிரி.

பூவராகவன் தொண்டையைச் செருமினார். "சார், எந்த மெஷினா இருந்தாலும் ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும்."

"அதைத்தான் சின்னராசு நாலு நாளா சொல்லிக்கினு இருக்கான்"னாங்க கனகாம்பாள்.

சப் இன்ஸ்பெக்டர் பூவராகவனுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். இந்த நாற்காலி வேற மாதிரி நாற்காலின்னு பூவராகவனுக்குப் புரிஞ்சுடுச்சு. மெதுவா உக்காந்தார்.

"மீதி நூத்தி பத்தொம்பது துப்பாக்கியில ஒரு கோடு போட்டது எங்க இருக்குதுன்னு இவர்கிட்ட கேளுங்க சார்"னாங்க கனகாம்பாள், தன் கைப்பையை எடுத்துக்கிட்டு. "அப்புறம் அந்த லாரியைத் தேடுங்க. நாலு நாளா கேட்டுல நின்னவனையே தேடிக்கினு இருந்தீங்க."

வாசல்ல விக்டோரியா அவங்க கையைப் பிடிச்சா. துலுக்காணம் மீன் பட்டையை அவ கையில வச்சான். "மடவை. கொழம்பு வையி. மனுசன் நாலு நாளா ஸ்டேஷன் சோறு துன்னுகீறான்."

"அது என் மீனு"ன்னாங்க கனகாம்பாள், படி எறங்கினதுக்கு அப்புறம்.

"நீங்க இன்னொரு வாட்டி சிரிங்க யக்கா. அந்தம்மா இன்னும் நாலு குடுக்கும்."

மறுநாள் காலைல ஏழு மணிக்கு சின்னராசுவை விட்டாங்க. பூவராகவன் கடை திறக்கல. எட்டு மணி ஷிப்டுக்கு சின்னராசு வீட்டுக்குப் போகாம நேரா வஜ்ரா கம்பி ஆலை கேட்டுக்குப் போய் நின்னான். போலீஸ்ல துப்பாக்கியெல்லாம் திரும்ப வாங்கிட்டதால அவன் கையில ஒரு மூங்கில் தடி குடுத்திருந்தாங்க.